துப்பாக்கியோடு வரும் பயணி: கவுன்டரிலும் கேட்டிலும் பார்க்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்காவில் ஒரு விமான நிலையத்தில், விமான நிறுவனம் ஒன்றின் செக்-இன் கவுன்டரிலும் கேட்டிலும் வேலை பார்க்கிறேன். சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு பெரியவர் பேட்ஜைக் காட்டி, "நான் ஓய்வு பெற்ற டிடெக்டிவ். 2004-ஆம் வருடச் சட்டப்படி நாடு முழுக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. கேபினுக்குள் எடுத்துப் போகிறேன்" என்றார். பதில் தெரியாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அதே வாரம், முறைப்படி ஆயுதத்தோடு வந்த ஓர் அதிகாரிக்குக் கேட்டில் சீட் மாற்றிக் கொடுத்தேன். கேப்டன் கோபித்துக்கொண்டார், விமானமும் தாமதமாகக் கிளம்பியது. நான் செய்த தவறு என்ன? போலீஸ் அதிகாரியிடம் "முடியாது" என்று சொல்ல என்னைப் போன்றவருக்கு அதிகாரம் உண்டா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஓய்வு பெற்றவர் விஷயத்தில் நீங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டது சரி. கவனம் வேண்டியது சீட் மாற்றத்தில். துப்பாக்கி எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது கேப்டனுக்குத் தெரியாமல் விமானக் கதவைச் சாத்தக் கூடாது. படிவம், கையெழுத்து, அடையாள அட்டை எல்லாமே அதற்காகத்தான். நீங்கள் சீட்டை மாற்றிய நொடியில், அதிகாரியின் சீட் எண் எழுதிக் கேப்டன் கையில் கொடுத்திருந்த படிவத் தாள் பொய்யாகிவிட்டது. நடுவானில் ஏதாவது கலவரம் வந்து 14-ஆம் வரிசையில் ஒருவர் துப்பாக்கியை எடுத்தால், அவர் அதிகாரியா வேறு யாராவதா என்று விமானப் பணிப்பெண்ணுக்குத் தெரிவது அந்தத் தாளை வைத்துத்தான். அதில் 9-ஆம் வரிசை என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? கேப்டனின் கோபம் அங்கிருந்து வந்தது.

இதற்கான சட்டம் ஃபெடரல் (மத்திய அரசின்) விதித்தொகுப்பு 49-இல் 1544.219 என்ற பிரிவு. அதை அமல்படுத்துவது டிஎஸ்ஏ, அதாவது போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். அதை ஒட்டி உங்கள் நிறுவனம் தனக்கென ஒரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கும். படிவத்தின் பெயர், எத்தனை பிரதி, யார் யார் கையெழுத்து என்பதையெல்லாம் உங்கள் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள். நான் இங்கே சொல்வது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அடிப்படை.

முதலில், யாருக்குத் தகுதி. ஃபெடரல் அதிகாரியாக இருக்க வேண்டும், அல்லது நகரம், கவுன்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்), மாநிலம் இவற்றில் ஒன்றின் முழு நேர அதிகாரியாக, அரசுத் துறையின் நேரடி ஊழியராக இருக்க வேண்டும். குற்றவியல் சட்டத்தையோ குடியேற்றச் சட்டத்தையோ அமல்படுத்தப் பதவிப் பிரமாணம் எடுத்தவராக இருக்க வேண்டும். பணிக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளத் துறை அனுமதித்திருக்க வேண்டும். விமானத்தில் ஆயுதத்தோடு பயணிப்பதற்கென டிஎஸ்ஏ வகுத்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஒன்றரை முதல் 2 மணி நேரப் பாடம் அது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கேபினுக்குள் துப்பாக்கி கிடையாது. பகுதி நேர அதிகாரி, தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்காரர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

தகுதி இருந்தால் மட்டும் போதாது, தேவையும் இருக்க வேண்டும். அந்தத் தேவையைத் தீர்மானிப்பது அவருடைய துறை, நீங்கள் அல்ல. ஒருவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பணி, ஆபத்தான கண்காணிப்புப் பணி, போய் இறங்கியதும் ஆயுதத்தோடு கடமைக்குத் தயாராக நிற்க வேண்டிய அலுவல் பயணம், கைதியை அழைத்துப் போவது, கைதியைக் கூட்டிவரப் போவது, கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவது ஆகியவை விதி ஏற்கும் காரணங்கள். ஃபெடரல் அதிகாரிக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அவருடைய துறையின் பொதுக் கொள்கை அனுமதித்தால், சொந்த வேலையாகப் போகும்போதும் ஆயுதத்தோடு ஏறலாம். கவுன்டியின் காவல் அதிகாரியான டெபுட்டி தன் தங்கை கல்யாணத்துக்குப் போனால் அந்தச் சலுகை இல்லை. இந்த வேறுபாடு பல உள்ளூர் அதிகாரிகளுக்கு எரிச்சலூட்டும், அந்த எரிச்சலை உங்கள் கவுன்டரில்தான் காட்டுவார்கள். அதில் விவாதம் செய்ய உங்களுக்கு எதுவும் இல்லை. "பயணம் அலுவல் சம்பந்தமானதா?" என்று கேளுங்கள், வரும் பதிலை அப்படியே மேலே சொல்லுங்கள்.

உங்களிடம் வந்தவர் சொன்ன 2004-ஆம் வருடச் சட்டம் உண்மையானதுதான். பணியில் இருப்பவரும், தகுதியுள்ள ஓய்வு பெற்றவரும் மாநில எல்லைகளைத் தாண்டித் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அது வழி செய்கிறது. ஆனால் அது விமானத்தின் கேபினுக்குள் செல்லாது. பயணிகள் விமானத்துக்குள் 1544.219 சொல்வதுதான் விதி. அவர் பொய் சொல்லவில்லை, தன் சட்டத்தை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டிவிட்டார். அப்படிப்பட்டவரிடம், "ஐயா, அந்தச் சட்டம் கேபினுக்குப் பொருந்தாது. செக்-இன் பெட்டியில் முறைப்படி வைத்து அனுப்பலாம், அதற்கு நான் உதவுகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடியும்.

பெட்டியில் அனுப்பும் முறை இது. துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. சேம்பர், சிலிண்டர் என்னும் குண்டு அறைகளிலோ, துப்பாக்கியில் செருகிய மேகசின் என்னும் குண்டுக் கூட்டிலோ ஒரு குண்டு இருந்தாலும் அது 'லோட்' ஆன துப்பாக்கிதான். கெட்டியான, வளையாத பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டும் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டியின் ஒரு மூலையை நெம்பி விரல் நுழைக்க முடிந்தால் அந்தப் பெட்டி உதவாது. ஒரே ஒரு பூட்டு மட்டும் போட்ட நீளப் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். குண்டுகள் அதற்கென உள்ள அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும். பையில் உதிரியாகக் கிடக்கக் கூடாது. பயணி கவுன்டரில் தானாகவே அறிவிக்க வேண்டும். அறிவிப்புச் சீட்டைப் பெட்டிக்கு உள்ளே வையுங்கள். 'உள்ளே துப்பாக்கி' என்று தெரியும்படி வெளியே எதையும் ஒட்டவோ கட்டவோ கூடாது, அது ஃபெடரல் சட்டமே தடுத்த காரியம். "குண்டு இல்லை என்று காட்டுங்கள்" என்று கேட்டு, வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே அவரைத் துப்பாக்கியை வெளியே எடுக்க வைக்காதீர்கள். பொது இடத்தில் கையில் எடுக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

இனி, தகுதியுள்ள அதிகாரி வரும்போது என்ன செய்வது என்று பார்ப்போம். விமானம் கிளம்புவதற்குக் குறைந்தது 1 மணி நேரம் முன்னால் அவர் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர வேலை என்றால் முடிந்தவரை சீக்கிரம். போனில் போர்டிங் பாஸ் வைத்துக்கொண்டு நேராகச் சோதனைச் சாவடிக்குப் போனவரைப் படிவம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்; மூச்சு வாங்க அவர் உங்களிடம் வரும்போது 35 நிமிடம்தான் மிச்சம் இருக்கும். அப்போது அவசரப்பட்டு எந்தப் படியையும் தாண்டாதீர்கள். உடனே ஜிஎஸ்சியை, அதாவது கிரவுண்ட் செக்யூரிட்டி கோஆர்டினேட்டரைக் கூப்பிடுங்கள். ஏற்றுவதா, அடுத்த விமானமா என்று முடிவெடுப்பது அவர் பொறுப்பு.

அடையாள அட்டையை மடித்த நிலையில் தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டாதீர்கள். கையில் வாங்கி, திறந்து, மூன்று விஷயம் பாருங்கள்: முகம் முழுதாகத் தெரியும் புகைப்படம், அதிகாரியின் கையெழுத்து, துறையின் அதிகாரம் பெற்ற ஒருவரின் கையெழுத்து அல்லது துறையின் முத்திரை. பேட்ஜ் மட்டும் காட்டினால் அதை ஏற்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. பேட்ஜ் எவ்வளவு கனமாக, பளபளப்பாக இருந்தாலும் அதில் முகம் கிடையாது, காசு கொடுத்தால் கிடைக்கும் பொருள் அது. தோல் உறையின் ஒரு பக்கம் பேட்ஜும் மறுபக்கம் அட்டையும் இருக்கும். சிலர் பழக்கதோஷத்தில் பேட்ஜ் பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டுவார்கள். "அட்டையும் பார்க்க வேண்டும்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்கான அதிகாரி அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார். அட்டையில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு படிவம். பயிற்சி முடித்ததை அவர் வாயால் உறுதி சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனத்தின் நடைமுறையை நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நூறு தடவை பறந்தவராக இருந்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் இது விதி உங்கள் தலையில் வைத்த கடமை. முக்கியமாகச் சொல்ல வேண்டியது மூன்று.

ஒன்று, மது. ஏறுவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் குடித்திருந்தால் ஆயுதத்தோடு ஏறக் கூடாது. ஏறிய பிறகும் குடிக்கக் கூடாது, அவருக்குப் பரிமாறவும் கூடாது. இதில் தடுக்கி விழும் இடம் முதல் வகுப்பு. கடைசி நேரத்தில் கணினி தானாக அவரை முதல் வகுப்புக்கு மாற்றிவிடும். உட்கார்ந்ததும் தட்டில் ஒயின் வரும். பரிமாறும் பணிப்பெண்ணுக்கு அவர் யார் என்று தெரியாது, காரணம் தாளில் பழைய சீட் எண் இருக்கிறது. ஒரு சீட் மாற்றத்தில் இரண்டு விதிகள் உடையும் இடம் இது.

இரண்டு, ஆயுதம் இருக்க வேண்டிய இடம். சீருடையில் இருந்தால் உடம்பில்தான் இருக்க வேண்டும். சாதாரண உடையில் இருந்தால் உடம்பிலோ கை எட்டும் தூரத்திலோ, யார் கண்ணிலும் படாமல் மறைவாக இருக்க வேண்டும். தலைக்கு மேலே உள்ள பெட்டியில் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. இந்த வரியை நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். ஒருவர் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்திருக்கிறார். அவருக்குத் தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் உள்ள முதல் வரிசையில் சீட். அங்கே முன்னால் சீட் இல்லை, பையைக் கீழே தள்ளி வைக்க இடமும் இல்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பை மேலேதான் போக வேண்டும், அதை விதி தடுக்கிறது. எனவே ஆயுதம் பையில் என்றால் அந்த வரிசையைக் கொடுக்காதீர்கள். சிறிய விமானங்களில் இன்னொரு சிக்கல்: கைப்பைகளை விமான வாசலில் வாங்கிக் கீழ்த்தளத்தில் ஏற்றுவார்கள். துப்பாக்கி உள்ள பை அந்தக் குவியலில் போய்விட்டால், குண்டு நிரம்பிய ஆயுதம் பூட்டில்லாமல், அறிவிப்பில்லாமல் சரக்கறைக்குப் போய்ச் சேரும். "உடம்பில் ஹோல்ஸ்டரில் (இடுப்பு உறையில்) வைத்துக்கொள்வது உங்களுக்கும் எங்களுக்கும் நல்லது" என்று கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். நான் பொதுவாகவே அந்தப் பக்கம்தான்.

மூன்று, பெப்பர் ஸ்பிரே. துப்பாக்கிக்கு அனுமதி உள்ள அதிகாரிக்கும் அது கேபினுக்குள் கிடையாது. மூடிய கேபினில் ஒரு முறை பீறிட்டால் எல்லோர் கண்ணும் எரியும். செக்-இன் பெட்டியில் 118 மில்லிலிட்டர் வரை ஒன்று, தற்செயலாக அழுந்தாத பூட்டோடு, டிஎஸ்ஏ அனுமதிக்கிறது. உங்கள் நிறுவனம் அதையும் தடுத்திருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

மாநில, உள்ளூர் அதிகாரிகளும், பழங்குடிக் காவல் துறையினரும், அங்கீகாரம் பெற்ற ரயில்வே போலீஸாரும் இன்னொரு காரியம் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். முன்பெல்லாம் துறைத் தலைவர் கையெழுத்திட்ட அசல் கடிதம் கொண்டுவருவார்கள். 2009 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக என்லெட்ஸ் என்ற காவல் துறைச் செய்தி வலையமைப்பு வழியாக அவர்கள் துறை டிஎஸ்ஏவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பதிலாக 8 எழுத்து-எண் கொண்ட ஓர் அடையாளக் குறி துறைக்கு வரும். பயண நாளில் சோதனைச் சாவடியில் அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். இதைச் சரிபார்ப்பது டிஎஸ்ஏயின் வேலை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டுதான். கையில் கடிதம் மட்டும் வைத்துக்கொண்டு வரும் உள்ளூர் அதிகாரி சாவடியைத் தாண்ட மாட்டார். அதைக் கவுன்டரிலேயே சொன்னால் அவர் தன் துறைக்குப் போன் செய்ய நேரம் கிடைக்கும். அடுத்து, விமானம் ரத்தாகிப் பயணம் மறுநாளுக்குத் தள்ளினால், செய்தியைத் துறை புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது கேட். உங்களுக்குத் தடுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏற்றும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அந்த அதிகாரி யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கேப்டனுக்கும் உரிய கேபின் ஊழியர்களுக்கும் ஒவ்வொரு ஆயுத அதிகாரியின் சீட்டும் தெரிய வேண்டும். ஒரே விமானத்தில் ஆயுதத்தோடு இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்கும் தெரிய வேண்டும். விமானத்தில் காவலுக்காகப் பறக்கும் ஃபெடரல் அதிகாரிகளான ஏர் மார்ஷல்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இதை யாரும் சடங்காக நினைக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு அதிகாரிகள் ஒரே சத்தத்துக்கு எழுந்து, எதிரே துப்பாக்கியோடு நிற்பவரைக் குற்றவாளி என்று நினைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதுகாப்புத் திட்டம் குறிப்பிடும் சூழ்நிலைகளில் இந்த அறிவிப்பு முடியும் வரை கதவைச் சாத்தவே கூடாது என்றும் விதி சொல்கிறது. எப்போதுமே அப்படித்தான் என்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் கேப்டன் கைக்குப் போன பிறகு நான்கு விஷயங்கள் மாறலாம்: சீட், விமானம், கேப்டன், அதிகாரியின் மனசு. சீட் மாறினால் புது எண்ணோடு கேப்டனிடம் மறுபடி போக வேண்டும். பழுதால் வேறு விமானம் வந்தால் சீட் வரைபடமே மாறிவிடும், கணினி எல்லோரையும் இடம் மாற்றி உட்கார வைத்திருக்கும். பணி நேரம் முடிந்து புது கேப்டனும் ஊழியர்களும் வந்தால், பழையவர்களிடம் சொன்னது புதியவர்களுக்குச் சொன்னதாகாது. அதிகாரி பயணத்தை ரத்து செய்துவிட்டு இறங்கிப் போனால் அதையும் சொல்ல வேண்டும். இல்லாத துப்பாக்கியை நம்பிக் கேப்டன் பறக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். அப்கிரேடு, குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைப்பது என்று எந்த சீட்டைத் தொடும் முன்னும் அந்த விமானத்தில் ஆயுத அதிகாரி உண்டா என்று பாருங்கள். இருந்தால் அவர் சீட்டைத் தொடாமல் மற்றவர்களை நகர்த்துங்கள். தொட்டே தீர வேண்டும் என்றால், மாற்றிய கையோடு எழுந்து விமானத்துக்குள் போய், கேப்டனிடம் நேரில் சொல்லி, தாளில் திருத்திவிட்டு வாருங்கள்.

இணைப்பு விமானம் இருந்தால், அடுத்த ஊரில் அந்த விமானத்தின் ஊழியர்களுக்கு இதே தகவல் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள ஜிஎஸ்சியோ நியமிக்கப்பட்ட வேறொருவரோ அதைச் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி, அதிகாரி ஓடிப்போய் இரண்டாவது விமானத்தில் ஏறும்போது, கேட்டில் "ஏற்கெனவே செய்துவிட்டேன்" என்பார். முந்தைய விமானத்துக்குத்தான் செய்திருப்பார்.

கைதியோடு வருபவர்களுக்கு 1544.221 என்ற தனிப் பிரிவு உண்டு. அதை விரிவாகப் பேச இது இடமில்லை, உடனே நினைவுக்கு வர வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அதிக ஆபத்துள்ள கைதி என்றால் குறைந்தது 2 ஆயுத அதிகாரிகள், அவர்கள் பொறுப்பில் வேறு கைதி கூடாது. ஆபத்துக் குறைந்தவர் என்றால் 4 மணி நேரம் வரையிலான பயணத்தில் 2 கைதிகள் வரை 1 அதிகாரி பார்த்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் நீண்ட பயணம் என்றால் 2 அதிகாரிகள் வேண்டும். முடிந்தவரை மற்றவர்களுக்கு முன் ஏற்றி, எல்லோரும் இறங்கிய பின் இறக்க வேண்டும். பின்கோடி வரிசை நல்லது. அவசர வழிக்குப் பக்கத்திலோ நேர் எதிரிலோ கூடாது. நடைபாதைக்கும் கைதிக்கும் நடுவே அதிகாரி. கைவிலங்கு சரி, கால் விலங்கு கூடாது, ஏனென்றால் அவசரத்தில் அவரும் நடந்து வெளியேற வேண்டும். அதிகாரி சரி என்றால்தான் சாப்பாடு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். "இந்த ஆவணத்தோடு ஆயுதம் ஏற முடியாது" என்று சொல்ல உங்களுக்கு இடம் உண்டு. "நீங்கள் போலீஸே இல்லை" என்று சொல்ல இடம் இல்லை. அந்த இரண்டையும் கலக்காதீர்கள். குரல் உயர்ந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஜிஎஸ்சி வந்து பார்ப்பார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் மேலே கேப்டன் இருக்கிறார். வானத்தில் பாதுகாப்புப் பொறுப்பு கேப்டனுடையது, சந்தேகம் இருந்தால் ஏற்ற மறுப்பார். மது வாடை வந்தாலும் இதே வழிதான், நீங்களே விசாரணை நடத்த வேண்டாம்.

யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்காரர் கேட்டாலும், கேட்டில் உடன் நிற்கும் வேறு நிறுவன நண்பர் கேட்டாலும் பதில் கிடையாது. ஒலிபெருக்கியில் அதிகாரியை அழைக்க வேண்டியிருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். படிவத்தைக் கவுன்டர் மேல் முகம் தெரிய வைத்துவிட்டு நகராதீர்கள், போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் ஷிஃப்ட் முடியும்போது அந்த விமானம் இன்னும் கிளம்பவில்லை என்றால், எந்த சீட்டில் ஆயுத அதிகாரி இருக்கிறார், கேப்டனிடம் சொல்லியாயிற்றா இல்லையா என்பதை அடுத்து வருபவரிடம் நேரில், தனியாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.